பழுதுக்கும் ஸ்ருதி உண்டு

சித்திரையில் வரும் திருவாதிரை ராமானுஜரின் நட்சத்திரம். 1017-இல் அவர் பிறந்த ஸ்ரீபெரும்புதூரில், ஆதிகேசவப் பெருமாள் கோயிலில், அதையொட்டிப் பத்து நாள் உற்சவம் நடக்கும். நான் போவது சேவிக்க என்று வீட்டில் சொல்லிக்கொள்வேன். உண்மையில் நாதஸ்வரம் கேட்கத்தான். சட்டைப் பையில் ஒரு ரெக்கார்டரும் கூடவே வரும். உள்ளங்கை அகலம், தலையில் இரண்டு மைக், வயிற்றில் இரண்டு பென்சில் பேட்டரி.

ஒரு வருஷம் வீதிப் புறப்பாட்டில் முக்கால் மணி நேரம் பதிவு செய்தேன். மீட்டர் ஒரு தடவைகூடச் சிவப்பைத் தொடவில்லை. ஆனால் வீட்டில் வந்து கேட்டால், மேல் ஸ்தாயிக்குப் போகும்போதெல்லாம் நாதஸ்வரம் கரகரக்கிறது. தவிலின் ஒவ்வொரு அடியும் தகர டப்பாவில் விழுகிறது. மறுநாள் வாசித்தவரிடமே அந்த இடத்தைப் போட்டுக் காட்டினேன். ஹெட்போனைக் காதில் வைத்தவரின் முகம் சுருங்கியது. "சீவாளி பிளந்த மாதிரி கேக்குதே சார். நேத்து நல்ல சீவாளிதானே போட்டிருந்தேன்?" என்று தன் வாத்தியத்தையே சந்தேகப்பட்டார். எனக்குக் கூச்சமாகிவிட்டது. பிளந்தது சீவாளி இல்லை என்று தெரியும். எது பிளந்தது என்றுதான் தெரியவில்லை.

ரெக்கார்டர் போய்விட்டது என்று முடிவு கட்டிப் புதிதாக விலை விசாரித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் ஒரு அண்ணன், ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஆலை ஒன்றில் மெயின்டனன்ஸ் பார்க்கிறார். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து டீ குடிக்கும்போது விஷயத்தைக் கேட்டவர், "லைன் நின்னா மெஷின் கெட்டுப்போச்சுன்னு நாங்க எழுத மாட்டோம் தம்பி. எந்த ஸ்டேஷன்ல நின்னுச்சுன்னுதான் மொதல்ல எழுதுவோம். ஒரு தடவைக்கு ஒண்ண மட்டும் மாத்திப் பாருங்க. ரெண்டை மாத்தினீங்கன்னா, சரியானாலும் எதனால சரியாச்சுன்னு தெரியாது" என்றார். இத்தனைக்கும் அவருக்குச் சங்கீதத்தில் ஈடுபாடு கிடையாது.

அவர் சொன்னபடி பார்த்தால் ரெக்கார்டரும் ஒரு லைன்தான். காற்றின் அதிர்வு மைக்கின் சவ்வை ஆட்டுகிறது. சவ்வு அந்த ஆட்டத்தை மெல்லிய மின்சாரமாக்குகிறது. முன்பெருக்கி அதைப் பெரிதாக்குகிறது. அடுத்து ஒரு சில்லு அதை நொடிக்கு 48,000 தடவை அளந்து எண்ணாக்குகிறது. எண்கள் கார்டில் போய் உட்காருகின்றன. மீட்டர் என்பது இந்த வரிசையின் கடைசிப் பக்கம் நின்று எண்களைப் பார்க்கும் ஆள். தன் முன்னால் வருவதைத்தான் அது சொல்லும். மூன்றாவது ஸ்டேஷனில் என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது.

கணினியில் அந்தப் பதிவைத் திறந்து அலையைப் பெரிதாக்கினேன். கரகரக்கும் இடத்தில் அலையின் உச்சிகள் கத்தரித்தாற்போல் தட்டையாக இருந்தன. இதை எல்லோரும் 'கிளிப்பிங்' என்பார்கள், அதில் புதிதில்லை. என்னைப் பிடித்து நிறுத்தியது அந்தத் தட்டை இருந்த உயரம். எண்ணாக்கும் சில்லின் கொள்ளளவு மீறினால் அலை கூரையில், அதாவது 0 டெசிபெல்லில், முட்டி நிற்க வேண்டும். இங்கே −7-இல் நின்றது. மொத்த உயரத்தில் பாதிக்கும் கொஞ்சம் கீழே. மேலே அவ்வளவு இடம் காலியாகக் கிடக்கும்போது அலை அங்கே ஏன் தட்டையாக வேண்டும்? சில்லுக்கு வருவதற்கு முன்பே தலை வெட்டுப்பட்டு, அதன் பிறகு சத்தம் குறைக்கப்பட்டிருந்தால்தான் அப்படி ஆகும்.

பல சின்ன ரெக்கார்டர்களில் அமைப்பே அப்படி. பக்கவாட்டில் 'மைக் சென்சிட்டிவிட்டி' என்று உயர், தாழ் இரண்டே நிலை உள்ள ஒரு குட்டி சுவிட்ச் இருக்கும். முன்பெருக்கியை ஆள்வது அது. கட்டைவிரலால் உருட்டும் லெவல் சக்கரம் அதற்கு அடுத்த கட்டத்தில் இருக்கும். என் சுவிட்ச் உயர் நிலையில் இருந்தது. பெருமாள் கோயிலில் பிரசங்கம் பதிவு செய்தபோது வைத்தது, அப்படியே மறந்து போயிற்று. தவில் முன்பெருக்கியில் மோதித் தலை தட்டையாகி வெளியே வர, நான் பின்னால் உட்கார்ந்து சக்கரத்தைக் குறைத்து மீட்டரைப் பச்சையிலேயே வைத்திருந்தேன். வெட்டிய தலையைக் குனிந்து நடக்கச் சொன்ன கதை.

சுவிட்சை மாற்றிய பிறகு முக்கால்வாசி சரியாயிற்று. மீதிக் கால்வாசி, வித்வானுக்கு மிக அருகே நின்றபோது மட்டும் வந்தது. இதன் விலாசம் இன்னும் ஒரு ஸ்டேஷன் முன்னால்: மைக்கின் உள்ளேயே. இம்மாதிரிக் கருவிகளில் இருப்பவை எலெக்ட்ரெட் மைக்குகள். பெல் ஆய்வகத்தில் ஜேம்ஸ் வெஸ்ட், கெர்ஹார்ட் செஸ்லர் இருவரும் 1962-இல் உருவாக்கியது. நிரந்தரமாக மின்னேற்றம் பிடித்துவைத்த மெல்லிய பிளாஸ்டிக் படலமே அதன் ரகசியம். படலத்துக்கு மின்சாரம் வேண்டாம். ஆனால் அதன் முதுகில் ஒட்டியிருக்கும் சின்ன டிரான்சிஸ்டருக்கு வேண்டும். ரெக்கார்டர் அதற்குக் கொடுப்பது இரண்டு, மூன்று வோல்ட். இரண்டு வோல்ட் கொடுத்தால் அதற்குள்தான் அந்த டிரான்சிஸ்டர் ஏறி இறங்க முடியும். பேசும் குரலுக்கு அது தாராளம். தவிலுக்கு அது தீப்பெட்டிக்குள் சிலம்பம். வெளி மைக் சொருகிப் பதிவு செய்பவர்கள் நடுவில் 9 வோல்ட் பேட்டரிப் பெட்டி ஒன்றை வைப்பது இதனால்தான், கூரை உயர்ந்துவிடும். கருவியோடு ஒட்டிப் பிறந்த மைக்குக்கு அந்த வழி இல்லை. பின்னால் போய் நிற்பதுதான் வழி. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபெல் குறையும். ஒன்றரை மீட்டரிலிருந்து ஆறு மீட்டருக்குப் போனால் 12. நாலு பேர் தோளுக்குப் பின்னால் நிற்க மனசு வர வேண்டும், அவ்வளவுதான்.

தவில் ஏன் இத்தனை தொல்லை என்று யோசித்தால் அதன் கட்டுமானத்தில் பதில் இருக்கிறது. பலாமரத்தில் குடைந்த உடல். தொப்பி எனும் ஒரு பக்கம் கழியால் அடி. மறு பக்கம் விரல்களில் கல்லாய் இறுகிய கூடுகளை மாட்டிக்கொண்டு அடி. தோலின் மேல் கடினமான பொருள் படும் கணம் ஓரிரு மில்லி விநாடிதான், ஆனால் அந்தக் கணத்தின் உச்சி, கேட்கும் சராசரிச் சத்தத்தைவிடப் பல மடங்கு உயரம். சராசரியைக் காட்டும் மீட்டரின் பட்டை அந்த வேகத்துக்கு ஏறி இறங்காது. காதும் சராசரியைத்தான் சத்தமாக உணர்கிறது. கண்ணும் காதும் ஏமாறும் இடம் இது.

நாதஸ்வரத்தின் தந்திரம் வேறு. ஓர் அலையின் தலையை வெட்டினால் புதிய மேல் ஒலிகள், அதாவது அதன் மடங்கு அதிர்வுகள், முளைக்கும். புல்லாங்குழலில் அப்படி முளைத்தால் உடனே பிடிபடும். அதில் இயல்பாக மேல் ஒலிகள் குறைவு. சீவாளியின் இரண்டு நாக்குகள் அடித்துக்கொண்டு பிறக்கும் நாதஸ்வர ஒலியிலோ மேல் ஒலிகள் ஏற்கெனவே கூட்டமாக இருக்கின்றன. புதிதாக வந்தவை அந்தக் கூட்டத்தில் கலந்துவிடும். கருவியின் தவறு வாத்தியத்தின் தவறு மாதிரியே கேட்கும். அந்த வித்வான் சீவாளியைச் சந்தேகித்ததில் ஆச்சரியமே இல்லை. அவர் காது சரியாகத்தான் கேட்டது.

இப்போது நான் 24 பிட்டில், உச்சி −18, −20 டெசிபெல் அளவில் நிற்கும்படி வைக்கிறேன். 'இவ்வளவு கம்மியா?' என்று கேட்பவர்கள் டேப் காலத்துப் பழக்கத்தில் கேட்கிறார்கள். நாடாவில் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் உண்டு. அதற்கு மேலே தூக்கிப் பதிவு செய்தாக வேண்டும். 16 பிட்டின் வீச்சே 96 டெசிபெல்; 24 பிட்டில் கணக்குப்படி 144, நடைமுறையில் அதற்குக் கொஞ்சம் கீழே. புறப்பாட்டு வீதியின் சந்தடியே இதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். 20 டெசிபெல்லை மேலே சும்மா விட்டுவைத்தால் நஷ்டம் ஏதுமில்லை. இப்போது 32 பிட் ஃப்ளோட் என்று வருகிறது. லெவலே பார்க்க வேண்டாம் என்று விளம்பரம். எண்ணாக்கும் சில்லுகள் இரண்டை வைத்து, மெல்லிய ஒலிக்கு ஒன்று, பலத்த ஒலிக்கு ஒன்று என்று பிரித்துக்கொள்ளும் நல்ல ஏற்பாடுதான். ஆனால் மைக்கின் டிரான்சிஸ்டரிலேயே தலை போய்விட்டால் 32 என்ன, 64 பிட்டாலும் அதை ஒட்டவைக்க முடியாது. ஆட்டோ லெவல் என்ற வசதியைப் பற்றி ஒரே வரி: தவில் ஒரு அடி விழுந்ததும் நாதஸ்வரம் பம்மி, அடுத்த அடிக்குள் மெல்ல எழுந்து வருவது கேட்டால், அதை அணைத்துவிடுங்கள்.

அடுத்த பழுது எனக்குப் பிடித்த பழுது. நல்ல அமைதியான ஆலாபனை நடுவில் 'டிட்டி-டிட்-டிட்டி-டிட்-டிர்ர்ர்' என்று ஒரு சத்தம். செல்போன் புழக்கத்துக்கு வந்த காலத்தில் டி.வி. பக்கத்திலோ ரேடியோ பக்கத்திலோ போன் வைத்திருந்த எல்லோரும் கேட்ட சத்தம்தான். போன் அடிப்பதற்கு ஒரு நொடி முன்னால் ஸ்பீக்கர் சொல்லிவிடும். ஜி.எஸ்.எம். எனும் இரண்டாம் தலைமுறை முறையில் ஒரே அலைவரிசையை எட்டுப் பேர் முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஒரு சுற்று 4.615 மில்லி விநாடி. அதில் நம் போனின் முறை 577 மைக்ரோ விநாடிதான். அந்த நேரத்துக்கு மட்டும் பலமாகக் கத்திவிட்டு வாயை மூடிக்கொள்ளும். நொடிக்கு இப்படி ஏறக்குறைய 217 தடவை. அலை 900 மெகாஹெர்ட்ஸில் போகிறது, அது காதுக்குக் கேட்காது. ஆனால் கத்தி மூடும் அந்த 217 தடவை காதுக்குள் அடங்கும் எண். மைக் ஒயர் ஆண்டெனாவாகிவிடுகிறது. 900 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீளம் எட்டே கால் சென்டிமீட்டர்தான், சட்டைப் பைக்குள் அடங்கும் நீளம். முன்பெருக்கியின் முதல் டிரான்சிஸ்டர், பழைய படிக ரேடியோவில் படிகம் செய்த வேலையைத் தன்னையறியாமல் செய்து, அலையை உரித்து உள்ளே இருக்கும் 217-ஐ எடுத்து வைக்கிறது.

இரண்டு கட்டை ஸ்ருதிக்கு ஆதார ஷட்ஜம் சுமார் 294 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே வரும் பஞ்சமம் 220. நம் போன் 217-இல் கூவுகிறது. ஒத்து ஊதுபவருக்குப் போட்டியாக, கொஞ்சம் இறங்கிப்போன மந்திர பஞ்சமம். பழுது இப்படித் தன் ஸ்ருதியைச் சொல்லிவிட்டால் அதன் வீட்டைக் கண்டுபிடிப்பது சுலபம்.

இந்த 217-க்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் பழைய உறவு உண்டு. நோக்கியா 2006-இல் இங்கே தொடங்கிய ஆலை, 2014 நவம்பர் 1-இல் உற்பத்தி நிற்கும்வரை கோடிக்கணக்கான போன்களைச் செய்து அனுப்பியது. பெரும்பாலும் சாமானியர் வாங்கும் விலையில் இருந்த ஜி.எஸ்.எம். போன்கள். உலகத்தின் எத்தனையோ கச்சேரிகளில் குறுக்கே கூவிய பஞ்சமத்தில் ஒரு பங்கு, இந்த ஊர்ப் பெண்கள் கம்பெனி பஸ்ஸில் வந்து மூன்று ஷிஃப்டில் பூட்டியது. இன்னும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி ஒரகடத்தில், உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையத்தில், ஒரு வண்டியின் மின்கருவிகள் ஒன்றின் வேலையில் ஒன்று தலையிடாமல் இருக்கின்றனவா என்று பார்க்கவே ஒரு சோதனைக்கூடம் இருக்கிறது. அங்கே மெனக்கெட்டு ஆராய்கிற அதே விஷயத்தைத்தான் என் சட்டைப் பை இலவசமாகச் செய்து காட்டியது: ரெக்கார்டரும் போனும் ஒரே பையில். இப்போது போனை ஃப்ளைட் மோடில் போட்டு, வேட்டி மடிப்பில் செருகிக்கொள்கிறேன். நாலாம் தலைமுறை போன்களில் இந்தத் தொல்லை பெரிதும் குறைந்துவிட்டது என்றாலும், சிக்னல் நைந்து 2ஜி-க்கு இறங்கும்போது பழைய பாட்டு திரும்ப வரும்.

மின்சாரத்தின் முணுமுணுப்புக்கும் இதே போல ஸ்ருதி உண்டு. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அடித்தொண்டை 'ம்ம்ம்' என்று 50-இல் கேட்டால் ஒயர் எங்கோ மின்கம்பிக்கு அருகே போகிறது, அல்லது இரண்டு இடத்தில் எர்த் ஆகி வளையமாகிவிட்டது. 'ஜ்ஜ்ஜ்' என்று முள் சேர்ந்து 100-இல் கேட்டால் ஏதோ ஒரு அடாப்டர். பேட்டரியில் ஓடும்போது போய்விட்டால் குற்றவாளி அகப்பட்டான்.

கல்யாண மண்டபக் கச்சேரி ஒன்றில் மைக் செட்காரரிடம் கெஞ்சி, அவர் மிக்சரிலிருந்து ஒரு ஒயர் வாங்கி ரெக்கார்டரில் சொருகினேன். ஹம் இல்லை, கரகரப்பு இல்லை, மீட்டரில் இரண்டு பட்டையும் அழகாக ஆடுகின்றன. அன்று ராத்திரி பாடகருக்கு ஒரு துண்டு அனுப்பினேன். "மிருதங்கம் தூரத்துல லேசா கேக்குது, நான் பாடினதையே காணோமே?" என்று பதில் வந்தது. நான் ஹெட்போனில் கேட்டால் பாட்டு இருக்கிறது. என்ன, தலைக்குள் ஒரு இடத்தில் நிற்காமல் காதுக்கு வெளியே மிதக்கிற மாதிரி ஒரு அசௌகரியம். போன் ஸ்பீக்கரில் போட்டால் குரல் மாயம்.

இதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. மிக்சரின் அந்த வாயில் பேலன்ஸ்டு வகை. நீண்ட ஒயரில் இரைச்சல் ஏறாமல் இருக்க, ஒரே ஒலியை ஒரு கம்பியில் நேராகவும் இன்னொரு கம்பியில் தலைகீழாகவும் அனுப்புவார்கள். மறுமுனையில் இரண்டையும் கழித்தால் ஒலி இரட்டிப்பாகும், வழியில் இரண்டிலும் சமமாக ஏறிய இரைச்சல் அடிபட்டுப் போகும். அருமையான யோசனை. ஆனால் என் ரெக்கார்டரின் துளை ஸ்டீரியோ. அது ஒரு கம்பியை இடது என்றும் மற்றதை வலது என்றும் எடுத்துக்கொண்டது. இடதில் பாட்டு, வலதில் தலைகீழ்ப் பாட்டு. ஒற்றை ஸ்பீக்கர் உள்ள போன் இரண்டையும் கூட்டியது, கூட்டினால் பூஜ்யம். இரண்டு பக்கத்தின் அளவும் துல்லியமாகச் சமமில்லாததால் கொஞ்சம் ஒலி மிஞ்சியது; அதில் மிருதங்கத்தின் பலத்த அடிகள் மட்டும் காதில் பட்டன. சரிசெய்ய அரை நிமிஷம்: மென்பொருளில் ஒரு பக்கத்தைத் தேர்ந்து 'இன்வெர்ட்'. பாட்டு திரும்பி வந்து நெற்றிக்கு நடுவில் உட்கார்ந்தது.

மின்சக்தி விஷயத்துக்கு வருவோம். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் பேட்டரி 1.2 வோல்ட்டில் நெடுநேரம் ஆடாமல் நின்று, கடைசியில் படியிலிருந்து விழுவதுபோல் விழும். சாதாரண ஆல்கலைன் 1.5-இல் தொடங்கிச் சரிவில் இறங்குவதுபோல் இறங்கும். எந்த வகை போட்டிருக்கிறோம் என்று மெனுவில் சொல்லாவிட்டால் பேட்டரிப் படம் பொய் சொல்லும். பவர்பேங்க் போட்டுப் பார்த்தேன். ரெக்கார்டர் இழுக்கும் மின்சாரம் அற்பம் என்பதால், 'போன் நிறைந்துவிட்டது போல' என்று நினைத்துச் சில பவர்பேங்குகள் தாமாகவே தூங்கிவிடுகின்றன.

அப்படி நடுவில் செத்தால் என்ன ஆகும்? இரண்டு மணி நேரம் பதிவு செய்த கோப்பு 0 பைட் என்று காட்டும். வயிற்றைப் பிசையும். ஆனால் அழ வேண்டியதில்லை. வேவ் கோப்பின் தலைப்பில் 'உள்ளே இவ்வளவு இருக்கிறது' என்ற கணக்கை ரெக்கார்டர் நிறுத்தும்போதுதான் எழுதும். எழுதும் முன் உயிர் போய்விட்டது. சரக்கு கிடங்கில் இருக்கிறது, பேரேட்டில் பதிவாகவில்லை. அந்தக் கார்டில் வேறு எதையும் எழுதாமல், மீட்பு மென்பொருளால் சரக்கை அள்ளி, தலைப்பில்லாத வெறும் எண்களாக ஒலி மென்பொருளில் திறக்கலாம். 24 பிட் ஸ்டீரியோவில் ஒரு கணத்துக்கு ஆறு பைட்: இடதுக்கு மூன்று, வலதுக்கு மூன்று. எங்கே தொடங்குவது என்று தெரியாததால் 0 முதல் 5 வரை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்க்க வேண்டும். நாலு இடத்தில் வெறும் பேரிரைச்சல். ஒரு இடத்தில் இடதும் வலதும் இடம் மாறிய கச்சேரி. ஒரு இடத்தில், இரைச்சல் சட்டென்று விலகி, கச்சேரியே வந்து நிற்கும். அந்த நொடியை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

கார்டு வேகம் போதவில்லை என்று திரையில் வந்தால் நம்புவதற்குக் கஷ்டமாக இருக்கும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவுக்கு நொடிக்கு 0.288 மெகாபைட், சாதாரண கிளாஸ் 4 கார்டே நொடிக்கு 4 மெகாபைட் எழுதும். சிக்கல் சராசரி வேகத்தில் இல்லை. கார்டு அவ்வப்போது பெரிய தொகுதி ஒன்றை அழித்துச் சுத்தம் செய்ய நின்றுவிடும். தேய்ந்த கார்டு கூடுதல் நேரம் நிற்கும். அதற்குள் ரெக்கார்டரின் தற்காலிக நினைவகம் நிரம்பி வழிந்துவிடும். டோல்கேட் மாதிரிதான்: ரோடு அகலம், ஆனால் ஒரு வண்டி நின்றால் போதும். ரெக்கார்டரிலேயே அவ்வப்போது ஃபார்மட் செய்வதும், பழைய கார்டைப் போட்டோவுக்கு ஒதுக்குவதும் போதுமானது.

ஏ.சி. காரிலிருந்து இறங்கியதும் மைக்கைத் திறக்காதீர்கள். கண்ணாடியில் பூக்கிற பனி மைக்கின் படலத்திலும் பூக்கும். மின்னேற்றம் கசிந்து 'பட் பட்' என்று எண்ணெயில் கடுகு வெடிக்கும். இருபது நிமிஷம் வெளியே பையில் கிடந்தால் தானே சரியாகிவிடும்.

இத்தனையும் கற்ற பிறகு, அடுத்த சித்திரையில் எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தேன். சுவிட்ச் தாழ்நிலையில், லெவல் −20-இல், புது பேட்டரி, ஃபார்மட் செய்த கார்டு, போன் மடியில். பெங்களூர் நெடுஞ்சாலைப் பக்கமிருந்து கன்டெய்னர் லாரிகளின் உறுமல் வந்துகொண்டே இருந்ததால் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் லோ-கட்டையும் போட்டேன். நாதஸ்வரம் தேனாக வந்திருந்தது. வித்வான் கேட்டுத் தலையாட்டினார், இந்தத் தடவை சீவாளி மேல் குறை சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தவிலின் வாரை இழுத்து முடுக்கிக்கொண்டிருந்தவர் ஹெட்போனை வாங்கி ஒரு நிமிஷம் கேட்டார். கழற்றினார். மறுபடி மாட்டிக் கேட்டார்.

"எல்லாம் இருக்கு சார். தொப்பி எங்க?"

லாரியோடு சேர்த்து அவருடைய தொப்பி அடியின் அடிவயிற்றையும் நான் வெட்டிவிட்டிருந்தேன். லாரியைப் பிறகு கணினியில் குறைத்துக்கொள்ளலாம். எழுதாத தொப்பியை எங்கே போய்த் தேடுவது? "நாளைக்கும் புறப்பாடு இருக்கு சார்" என்றார் அவர், கழியை எடுத்துக்கொண்டே. லோ-கட் சுவிட்சின் மேல் ஒரு துண்டு செல்லோ டேப்பை ஒட்டினேன்.